பேரரசர்களிடம் மனு கொடுத்த மில் முதலாளி

தொழிலாளர்களின் நிலையைக் கவனியுங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் மனு கொடுப்பார். மில் முதலாளி கொடுப்பாரா? கொடுத்தார் ஒருவர். அதுவும் ஐரோப்பாவின் பேரரசர்கள் கூடியிருந்த மாநாட்டுக்கே போய்க் கொடுத்தார். அவர் பெயர், ராபர்ட் ஓவன்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள சிற்றூர் நியூடவுன். அங்கே 1771-ம் ஆண்டு மே 14-ந்தேதி ஓவன் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான்களும் விற்று வந்தார்.

10 வயதில் பிழைப்புத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டான் சிறுவன். ஸ்டாம்போர்டு என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். முதல் ஆண்டு சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும்தான். ஊர் விட்டு ஊர் வந்து கடையில் நின்றவர்களுக்கு இந்தக் கதை புதிது அல்ல.

பிறகு லண்டன். அதன் பிறகு மான்செஸ்டர். 20 வயதை ஒட்டிய பருவத்தில், சுமார் 500 பேர் வேலை செய்த ஒரு நூற்பு மில்லுக்கு மானேஜர் ஆகிவிட்டார்!

நியூ லானார்க்

ஸ்காட்லாந்தில், கிளைடு ஆற்றங்கரையில் இருந்தது நியூ லானார்க் மில். ஆற்று நீரின் வேகத்தில் ஓடியது. அதை டேவிட் டேல் என்பவரிடம் இருந்து ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் 1799-ல் வாங்கினார்கள். டேலின் மகள் கரோலினை அதே ஆண்டில் ஓவன் மணந்தார். 1800-ம் ஆண்டு தொடக்கத்தில் மில் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

அங்கு சுமார் 2 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் 500 பேர் குழந்தைகள்! அனாதை விடுதிகளில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

இனி விடுதிக் குழந்தைகளை எடுப்பதில்லை என்று ஓவன் நிறுத்தினார். 10 வயது ஆகாதவர்களுக்கு மில்லில் வேலை இல்லை, பள்ளிக்கூடம்தான் என்றார். மில் கடையில் நல்ல சரக்கை மலிவு விலைக்கு விற்கச் செய்தார். வேலை நேரத்தையும் படிப்படியாகக் குறைத்தார்.

அவர் அடித்து வேலை வாங்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கும். நேற்று வேலை மோசம் என்றால் கறுப்பு நிறம் முன்னால் இருக்கும். சுமார் என்றால் நீலம். நன்று என்றால் மஞ்சள். மிக நன்று என்றால் வெள்ளை. இதை எல்லோரும் பார்க்கலாம். இது அடியைவிட மேல்தான். ஆனாலும் நாள் முழுவதும் தலைக்கு அருகே ஒரு கட்டை தொங்கினால் யாருக்குப் பிடிக்கும்? ஓவன் நல்ல முதலாளி. ஆனால் என்ன செய்யலாம் என்று தொழிலாளியைக் கேட்டுச் செய்தவர் அல்ல.

தொழிலாளர்களின் நம்பிக்கையை அவர் பெற்றது வேறு ஒரு செயலால். அமெரிக்கா பருத்தி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மில்கள் நின்றன. மற்ற முதலாளிகள் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். ஓவன் 4 மாதம் மில்லை நிறுத்தி வைத்து, இயந்திரங்களைத் துடைத்து வைக்கச் சொல்லி, முழுச் சம்பளம் கொடுத்தார். செலவு 7 ஆயிரம் பவுன்!

கூட்டாளிகள் முகம் சுளித்தார்கள். லாபம் குறைகிறது என்று சண்டை. 1813-ல் மில் ஏலத்துக்கு வந்தது. 5 சதவீத லாபம் போதும் என்ற புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஓவனே ஏலத்தில் எடுத்தார்.

சட்டம் வேண்டும்

ஒரு மில்லில் மட்டும் நேரத்தைக் குறைத்து என்ன பயன்? பக்கத்து ஊர் மில் குழந்தைகளை 14 மணி நேரம் நிற்க வைத்து, மலிவாக நூல் விற்குமே! எல்லா மில்லுக்கும் பொதுவாகச் சட்டம் வேண்டும் என்று 1815 முதல் ஓவன் பாடுபட்டார். சட்டம் 1819-ல் வந்தது, கை கால் வெட்டப்பட்டு. பருத்தி மில்லுக்கு மட்டும். 9 வயதுக்கு மேல் வேலைக்கு வைக்கலாம். 16 வயது வரை 12 மணி நேரம். மேற்பார்வைக்குத் தனி இன்ஸ்பெக்டரும் இல்லை.

அதற்கு முன்பே, 1818-ல், அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். நெப்போலியனை வென்ற அரசுகள் ஆகன் நகரில் மாநாடு கூட்டியிருந்தன. வழியில் பிராங்க்பர்ட் நகரில் ரஷியச் சக்கரவர்த்தி அலெக்சாண்டரைப் பார்த்து மனுவை நீட்டினார். உடம்பை இறுக்கிய உடையில் காகிதம் வைக்கப் பை இல்லை என்று சக்கரவர்த்தி வாங்க மறுத்தாராம்! மாலையில் வந்து பார்க்கும்படி சொல்லியும், மனம் புண்பட்ட ஓவன் போகவில்லை. இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி காசல்ரே மூலம் இரண்டு மனுக்கள் மாநாட்டுக்குப் போயின. இயந்திரம் பெருகப் பெருக உழைப்பின் மதிப்பு குறைகிறது. நியூ லானார்க்கில் நடப்பதை வந்து ஆராயுங்கள் என்பது அவர் கேட்டது. மாநாடு ஒன்றும் செய்யவில்லை. பின்னர் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த டேனியல் லெக்ராண்ட் என்ற ரிப்பன் மில் முதலாளியும், எல்லா நாடுகளுக்கும் ஒரே தொழில் சட்டம் வேண்டும் என்று அரசாங்கங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

ஓவன் 1825-ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமைக் குடியிருப்பு அமைத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது முறிந்தது. சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 1834-ல் தொழிற்சங்கங்களை ஒன்று சேர்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் பிறந்த ஊருக்கே திரும்பி, 1858 நவம்பர் 17-ந்தேதி, 87-வது வயதில் காலமானார்.

அவர் கேட்ட சர்வதேச ஏற்பாடு 1919-ல் வந்தது. அதுதான் சர்வதேச தொழிலாளர் நிறுவனம். அதன் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் 4 ஓட்டு: அரசாங்கத்துக்கு இரண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதி என். எம். ஜோஷி. மும்பை மில் பகுதியான லோயர் பரேலில் உள்ள ஜோஷி மார்க் அவர் பெயரில் அமைந்ததுதான். சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய பி. பி. வாடியாவும் அங்கு சென்றிருந்தார்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்த மாநாடு முடிவு செய்தது. இந்தியாவுக்கு விலக்குக் கொடுத்து 60 மணி என்றார்கள். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் இங்கும் 48 என்று எழுதப்பட்டது.