கில்பர்ட் முர்ரே

ஜார்ஜ் கில்பர்ட் ஏமே முர்ரே (ஜனவரி 2, 1866 - மே 20, 1957) ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கிரேக்க மொழி அறிஞரும், மொழிபெயர்ப்பாளரும், உலக அமைதிக்காகப் பணியாற்றிய பொதுவாழ்வினரும் ஆவார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் இயற்றப்பட்ட துன்பியல் நாடகங்களை ஆங்கிலச் செய்யுளில் மொழிபெயர்த்து, அவற்றை லண்டன் நகரின் தொழில்முறை அரங்குகளில் நடிக்கச் செய்தவர் என்பதால் இவர் நாடக வரலாற்றில் சிறப்பிடம் பெறுகிறார். இவருக்கு முன்னர் ஆங்கில நாட்டில் இந்நாடகங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் மூல மொழியிலேயே நடிக்கப்பட்டு வந்தன. கிரேக்கம் அறியாத பொதுமக்களுக்கு அவை எட்டாதவையாகவே இருந்தன.

இளமையும் கல்வியும்

முர்ரே சிட்னி நகரில் பிறந்தார். தந்தை சர் டெரன்ஸ் ஆப்ரி முர்ரே அயர்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். நியூ சவுத் வேல்ஸ் சட்ட மேலவையின் தலைவராக இருந்தவர். 1873இல் தந்தை காலமானபோது முர்ரேக்கு ஏழு வயது. அதன்பின் தாயார் ஆக்னஸ் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். 1877இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். இவருடைய தமையனார் ஹியூபர்ட் முர்ரே பிற்காலத்தில் பப்புவாவின் துணைநிலை ஆளுநராக நீண்டகாலம் பதவி வகித்தார்.

லண்டன் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியிலும், ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்ற முர்ரே, கிரேக்க, இலத்தீன் மொழிகளில் பல பரிசுகளைப் பெற்றார். 1889இல், தமது 23ஆம் அகவையிலேயே, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் கார்லைல் பிரபுவின் மகளான மேரி ஹவர்டைத் திருமணம் செய்துகொண்டார். உடல்நலக் குறைவு காரணமாக 1899இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார்.

பதவியற்றிருந்த இந்த இடைக்காலமே இவரை நாடக அரங்கின் பக்கம் திருப்பியது எனலாம். இவர் சொந்தமாக எழுதிய நாடகங்களுள் இந்தியாவில் பணிபுரியும் ஆங்கில அதிகாரி ஒருவரைப் பற்றிய 'கார்லியன் சாகிப்' என்பதும் ஒன்றாகும். 1899இல் மேடையேறிய இந்நாடகம் வெற்றி பெறவில்லை. இதன் பின்னர் யூரிப்பிடீஸ் இயற்றிய நாடகங்களை மொழிபெயர்ப்பதில் முர்ரே முழு மூச்சுடன் ஈடுபட்டார். யூரிப்பிடீஸின் கிரேக்க மூலங்களைப் பல கையெழுத்துப் படிகளுடன் ஒப்பிட்டு, மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் இவரே.

மொழிபெயர்ப்பு முறை

கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் உரையாடல் பகுதிகளும், கோரஸ் எனப்படும் குழுவினர் ஆடிப் பாடும் இசைப்பாடல் பகுதிகளும் மாறிமாறி வரும். உரையாடல்கள் இயைபுத் தொடை இல்லாத ஒரே வகைச் சீரடிகளால் ஆனவை. இசைப்பாடல்களோ சிக்கலான பல சந்தங்களைக் கொண்டவை. முர்ரே உரையாடல்களை ஈற்றில் இயைபு அமைந்த ஈரடிகளாக ஆங்கிலத்தில் அமைத்தார். கோரஸ் பகுதிகளை ஆங்கிலக் கவிஞர் சுவின்பர்ன் முதலியோரின் நடையில் இசைப்பாடல்களாக்கினார்.

மூலத்தில் இயைபு இல்லாதபோது அதனை ஏன் சேர்க்க வேண்டும் என்ற வினா எழுந்தது. கிரேக்கச் செய்யுளின் ஓசை ஒழுங்கு மிகவும் இறுக்கமானது என்றும், ஆங்கிலத்தில் அத்தகைய ஒழுங்கைக் கேட்போர் செவியில் உணர்த்த இயைபே தகுந்த கருவி என்றும் முர்ரே கருதினார். வாசிப்பதற்கு மட்டுமன்றி, நடிகர் உரக்கச் சொல்வதற்கும் ஏற்றதாக வரிகள் அமைய வேண்டும் என்பதில் இவர் கவனம் செலுத்தினார்.

மேடையேற்றங்கள்

1904 மே மாதத்தில் 'ஹிப்போலிட்டஸ்' லண்டன் லிரிக் அரங்கில் நடிக்கப்பட்டது. இதனை இயக்கியவர் இளம் நடிகரும் இயக்குநருமான ஹார்லி கிரான்வில் பார்க்கர். அதே ஆண்டின் இறுதியில் பார்க்கரும் வெட்ரென் என்பவரும் கோர்ட் அரங்கில் புதிய நாடக முயற்சிகளைத் தொடங்கியபோது, முதல் நாடகமாக இதுவே மீண்டும் இடம்பெற்றது. பெர்னார்ட் ஷாவின் நாடகங்கள் புகழடைந்த அதே மேடையில், அதே நடிகர்களைக் கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட யூரிப்பிடீஸும் நடிக்கப்பட்டார். இதனால் பார்வையாளர்கள் அவரைத் தம் காலத்துச் சிக்கல்களைப் பேசும் நாடகாசிரியராகவே கண்டனர்.

1907இல் சவோய் அரங்கில் 'மெடியா' மேடையேறியது. கணவனால் கைவிடப்பட்ட மெடியா, பெண்களின் நிலை குறித்துப் பேசும் பகுதி, அக்காலத்தில் வலுப்பெற்றுவந்த பெண்கள் வாக்குரிமை இயக்கத்தினரால் பெரிதும் விரும்பப்பட்டது. அவ்வியக்கத்தின் கூட்டங்களிலும் அப்பகுதி ஒப்பிக்கப்பட்டது.

சோஃபொக்ளீஸின் 'மன்னன் இடிபஸ்' நாடகம் வேறுவகையான தடையைச் சந்தித்தது. தன்னை அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தவனின் கதை என்பதால், நாடகத் தணிக்கை அதிகாரியான அரண்மனைப் பெரும் அலுவலர் அதற்கு உரிமம் வழங்கவில்லை. பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்ட நூல் மேடையில் தடை செய்யப்பட்டிருந்தது. தணிக்கை முறைக்கு எதிராக 1907இல் எழுத்தாளர்கள் தொடங்கிய இயக்கத்தில் முர்ரேயும் முன்னின்றார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் தடை நீங்கியது. 1912 ஜனவரியில் செருமன் மொழி அரங்கில் புகழ்பெற்றிருந்த மாக்ஸ் ரைன்ஹார்ட், முர்ரேயின் மொழிபெயர்ப்பைக் கொண்டு இந்நாடகத்தைக் கோவென்ட் கார்டன் அரங்கில் இயக்கினார். கொள்ளைநோயால் வாடும் தீப்ஸ் நகர மக்களாகப் பெருங்கூட்டம் பார்வையாளர்களின் நடுவே புகுந்து மேடையை நோக்கி ஓடியது. இக்காட்சி நாடகத்தின் எளிமையைக் குலைக்கிறது எனச் சிலர் குறைகூறினர். முர்ரே ரைன்ஹார்ட்டின் பக்கம் நின்றார்.

டிராய் நகரப் பெண்களும் போரும்

முர்ரேயின் மொழிபெயர்ப்புகளுள் மிகுந்த தாக்கத்தை ஏற்படுத்தியது 'டிராய் நகரப் பெண்கள்' ஆகும். கி.மு. 416இல் ஏதென்ஸ் தனக்குப் பணிய மறுத்த மேலோஸ் என்னும் சிறு தீவைக் கைப்பற்றி, அங்கிருந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டில் யூரிப்பிடீஸ் இந்நாடகத்தை ஏதென்ஸ் மக்கள் முன் அரங்கேற்றினார். வென்றவர்களாகிய கிரேக்கரின் வீரம் இதில் பாடப்படவில்லை. நகரை இழந்த பெண்கள் எந்தத் தலைவனுக்கு அடிமையாவது என்று காத்திருக்கின்றனர். அரசி ஹெக்கூபாவின் பேரக்குழந்தை மதிலிலிருந்து வீசிக் கொல்லப்படுகிறது. தம் நாடு செய்த கொடுமையைத் தம் நாட்டவருக்கே காட்டிய நாடகமாக முர்ரே இதனை விளக்கினார்.

1905 ஏப்ரலில் இது கோர்ட் அரங்கில் நடிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் (1899 - 1902) முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அப்போரில் போயர் குடும்பத்துப் பெண்களையும் குழந்தைகளையும் ஆங்கிலப் படை முகாம்களில் அடைத்ததும், அங்கே பல்லாயிரவர் நோயால் இறந்ததும் நாட்டில் பெரும் சர்ச்சையை எழுப்பியிருந்தன. போரை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் முர்ரேயும் ஒருவர். எனவே நாடகம் எதைச் சுட்டுகிறது என்பதைப் பார்வையாளர்கள் எளிதில் உணர்ந்தனர்.

ஆனால் 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது முர்ரே பிரித்தானியா போரில் இறங்கியதை ஆதரித்தார். வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் கொள்கையை ஆதரித்து 1915இல் நூலொன்றும் வெளியிட்டார். இதனால் மனைவியின் உறவினரும் நண்பருமான மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசலுடன் கடுமையான கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அதே 1915இல் அமெரிக்காவில் முர்ரே மொழிபெயர்த்த 'டிராய் நகரப் பெண்கள்' போருக்கு எதிரான குரலாக ஒலித்தது. சிகாகோ சிறிய அரங்கக் குழுவினர், பெண்கள் அமைதிக் கட்சியின் ஆதரவுடன் பல நகரங்களில் இதனை நடித்தனர். கிரான்வில் பார்க்கரும் யேல், ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்களின் திறந்தவெளி விளையாட்டரங்குகளில் இதனை மேடையேற்றினார்.

போரை ஆதரித்தபோதிலும், மனச்சான்றின் பெயரால் படையில் சேர மறுத்தோரை முர்ரே கைவிடவில்லை. அத்தகையோர் சிலர் 1916இல் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனைக்கு உள்ளாகும் நிலை ஏற்பட்டது. முர்ரே பிரதமர் ஆஸ்குவித்திடம் இதனை எடுத்துரைத்தார். விதிக்கப்பட்ட மரண தண்டனைகள் நிறைவேற்றப்படாமல் சிறைத் தண்டனைகளாக மாற்றப்பட்டன.

உலக அமைதிப் பணி

போருக்குப் பின் முர்ரே நாடுகளின் சங்கத்துக்காக உழைத்தார். அச்சங்கத்துக்கு மக்கள் ஆதரவு திரட்டிய பிரித்தானிய அமைப்பின் செயற்குழுத் தலைவராக 1923 முதல் 1938 வரை இருந்தார். நாடுகளின் சங்கம் அமைத்த அறிவுசார் ஒத்துழைப்புக்கான பன்னாட்டுக் குழுவுக்கு 1928 முதல் தலைமை தாங்கினார். ஐன்ஸ்டைன், மேரி கியூரி ஆகியோர் உறுப்பினராக இருந்த இக்குழுவில், திருத்தணியில் பிறந்து சென்னையில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் 1930களில் இடம்பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. முர்ரேக்கும் இரவீந்திரநாத் தாகூருக்கும் இடையே நடந்த கடிதப் பரிமாற்றம் 'கிழக்கும் மேற்கும்' என்ற தலைப்பில் 1935இல் வெளியானது.

இரண்டாம் உலகப் போரில் நாசிப் படைகளின் பிடியில் இருந்த கிரேக்க நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. நேச நாடுகளின் கடல் முற்றுகையால் உணவு அங்கு செல்வது தடைப்பட்டிருந்தது. பட்டினியால் வாடுவோருக்கு உணவு அனுப்ப அனுமதி கோரி 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட குழுவின் நிறுவனர்களுள் முர்ரே ஒருவர். அக்குழுவே இன்று உலகெங்கும் இயங்கும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பாக வளர்ந்துள்ளது.

பிற்காலமும் மறைவும்

1908 முதல் 1936 வரை முர்ரே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரச கிரேக்கப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1912இல் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை மறுத்தார். 1941இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயரிய விருதைப் பெற்றார். புலால் உண்ணாமையையும் மது அருந்தாமையையும் கடைப்பிடித்தார். வரலாற்றாசிரியர் ஆர்னால்ட் டாயின்பி இவருடைய மூத்த மகள் ரோசலிண்டை மணந்தார். 1956இல் மனைவி காலமானார். மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் உள்ள தமது இல்லத்தில் முர்ரே மறைந்தார். இவருடைய அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

மதிப்பீடு

பெர்னார்ட் ஷா தமது 'மேஜர் பார்பரா' (1905) நாடகத்தில் வரும் கிரேக்கப் பேராசிரியர் கசின்ஸ் என்ற பாத்திரத்தை முர்ரேயைக் கொண்டே படைத்தார். அமைதியை விரும்பும் அப்பேராசிரியர் இறுதியில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றின் வாரிசாகிறார்.

முர்ரேயின் மொழிபெயர்ப்புகள் மீது கடுமையான தாக்குதல் 1920இல் கவிஞர் டி. எஸ். எலியட்டிடமிருந்து வந்தது. நடிகை சிபில் தார்ன்டைக் மெடியாவாக நடித்ததை ஒட்டி எழுதிய கட்டுரையில், மூலத்தில் ஒரு சொல் உள்ள இடத்தில் முர்ரே பல சொற்களைப் பெய்கிறார் என்றும், அவருடைய பழைய பாணி நடை வாசகரை யூரிப்பிடீஸிடமிருந்து விலக்கிவிடுகிறது என்றும் எலியட் வாதிட்டார். நவீன கவிதை வளர்ந்தபின் இக்கருத்தே நிலைபெற்றது. முர்ரேயின் வரிகள் இக்காலத்தில் மேடையில் அரிதாகவே ஒலிக்கின்றன.

எனினும் இவர் தொடங்கிவைத்த வழக்கம் தொடர்ந்தது. தம் காலத்துப் போரைப் பற்றிப் பேசப் பழைய கிரேக்க நாடகத்தை எடுத்தாளும் முறை 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பல நாடுகளில் காணப்படுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் 1965இல் காலனியாதிக்கப் போர்களைக் கண்டிக்கத் தேர்ந்தெடுத்ததும் 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தையே ஆகும்.

முக்கிய மேடையேற்றங்கள்

* 1904 - ஹிப்போலிட்டஸ் (லிரிக் அரங்கு, கோர்ட் அரங்கு)
* 1905 - டிராய் நகரப் பெண்கள் (கோர்ட் அரங்கு)
* 1906 - எலெக்ட்ரா (கோர்ட் அரங்கு)
* 1907 - மெடியா (சவோய் அரங்கு)
* 1908 - பாக்கே (கோர்ட் அரங்கு)
* 1912 - மன்னன் இடிபஸ் (கோவென்ட் கார்டன்)
* 1912 - டாரிசில் இஃபிஜீனியா (கிங்ஸ்வே அரங்கு)
* 1915 - டிராய் நகரப் பெண்கள், டாரிசில் இஃபிஜீனியா (அமெரிக்கத் திறந்தவெளி அரங்குகள்)
* 1920 - மெடியா (ஹோல்பர்ன் எம்பயர் அரங்கு)