பாட்டில்லாப் படம் எடுத்த வீணை வித்வான்

வீணை எஸ். பாலசந்தரை அறியாத சங்கீத ரசிகர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால், ஒரு பாட்டுகூட இல்லாமல் தமிழில் முதன் முதலாகப் படம் எடுத்தவரும் அவர்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்!

சென்னையில் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பாலசந்தர் பிறந்தார். தகப்பனார் பெயர் சுந்தரம் அய்யர். அண்ணன் எஸ். ராஜம், சங்கீதத்திலும் ஓவியத்திலும் பேர் பெற்றவர். 1934-ல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் ராமனாக நடித்தார். சிறுவன் பாலசந்தரும் அதில் கஞ்சிரா வாசித்தபடி தோன்றினார். பிற்காலத்தில் அவருக்கு அழியாப் புகழ் தந்த வீணையை எந்தக் குருவிடமும் அவர் கற்கவில்லை. தாமாகவே பயின்று தேர்ந்தார்.

'அந்த நாள்'

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படம் பாலசந்தரின் மனத்தைக் கவர்ந்தது. ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை அது. அந்த முறையில் அவர் 1954-ல் டைரக்ட் செய்த படமே 'அந்த நாள்'. ஏவி.எம். நிறுவனத்துக்காக ஜாவர் சீதாராமன் அதற்கு வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார்.

1943-ல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ஆசைநாயகி என்று எல்லார்மீதும் சந்தேகம் விழுகிறது. விசாரணை நடக்க நடக்க, செத்தவனின் வேஷம் கலைகிறது. கட்டிய மனைவிக்குத் துரோகம். பிறந்த நாட்டுக்கும் துரோகம்! ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். மனைவி உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார். சுட்டது யார் என்பதைப் படத்தில் பார்ப்பதே நல்லது.

துணிச்சல்

பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலம் அது. அப்படியிருந்தும், பாட்டு, நடனம், சண்டை எதையும் பாலசந்தர் சேர்க்கவில்லை. சங்கீதம் தெரியாததால் அல்ல. நடுவே ஒரு பாட்டு வந்தால், சந்தேகத்தின் பிடி தளர்ந்துவிடும். பார்ப்பவர் மனம் கதையைவிட்டு நழுவிவிடும். எங்கே இசை வேண்டும் என்பதுபோல, எங்கே வேண்டாம் என்பதும் வித்வானுக்குத் தெரிந்திருந்தது.

பத்திரிகைகள் புகழ்ந்தன. மத்திய அரசின் நற்சான்றிதழும் கிடைத்தது. ஆனால், முதலில் வெளியானபோது வசூல் இல்லை. பாட்டில்லாத குறையை ரசிகர்கள் பெரிதாக நினைத்தார்கள். இன்றோ, தமிழின் சிறந்த படங்களைச் சொல்லும்போது 'அந்த நாள்' தவறாமல் இடம்பெறுகிறது.

பிறகு, 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' ஆகிய மர்மப் படங்களையும் பாலசந்தர் எடுத்தார். கடைசியில் சினிமாவை விட்டு, வீணையே கதி என்றிருந்தார். 1982-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

கச்சேரிக்காக பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, 1990-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அவர் காலமானார். 36 ஆண்டுகளுக்கு முன் 'அந்த நாள்' வெளியானதும், அதே ஏப்ரல் 13-ந் தேதிதான்!