பாணினி முனிவர்

வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினி முனிவரின் பெயரைக் கேளாத இளைஞர் நம்முட் சிலரே. அவர் செய்தது யாதென அறிந்தோரும் சிலரே. ஆதலின் அதனை இம்மலரில் ஒருவாறு கூற விழைகின்றோம்.

காந்தார நாட்டுச் சலாதுரம் அவர் ஊர்; தாயார் தாக்ஷி. காலம் கி.மு. 5ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டென்பது அறிஞர் பலர் துணிபு. இளமையில் மந்தமதியினராயிருந்த அவர், இமயத்திற் தவங்கிடந்து சிவபெருமான் அருளால் இலக்கணம் பெற்றாரென்பது கதை. இறைவனின் உடுக்கையில் எழுந்த 14 சூத்திரங்களே அவருக்கு முதலாயின என்பது மரபு.

அவர் இயற்றிய அஷ்டாத்யாயி 8 அத்தியாயங்களும் ஏறக்குறைய 4,000 சூத்திரங்களும் உடையது. ஒரு விதியிற் கூறிய சொல்லை அடுத்த விதியில் மீண்டுங் கூறாது, மேலிருந்து வருவித்துக் கொள்ளச் செய்தமையே அதன் சுருக்கத்தின் இரகசியம். இதனை அநுவிருத்தி என்பர். ஏகாரம் அய் ஆகும் என்பது ஒரு விதி. உயிர் பின்வரின் என்னும் நிபந்தனை அதற்கு முந்திய விதியில் உள்ளது. அதனாலேயே நே என்பதன்முன் அன வர நயனம் ஆயிற்று. மெய் வந்த நேத்திரம் திரியாது நின்றது. முன்விதியை மறந்தவன் நேத்திரத்தையும் சிதைத்துவிடுவான்.

இத்தகைய இடர் கணினியுலகிலும் நேர்ந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் மக்கார்த்தி 1958இல் லிஸ்ப் என்னும் கணினி மொழியை வகுக்கத் தொடங்கினார். அதில் ஒரு சார்பினுள்ளே இன்னொரு சார்பை அமைக்கலாம். உட்சார்பு வெளிச்சார்பின் மாறிகளை நம்பி நிற்கும். வெளிச்சார்பு தன் வேலை முடிந்து நீங்கியபின் அழைக்கப்படும் உட்சார்பு அம்மாறிகளை எங்கே தேடும்? தொடக்ககால லிஸ்ப், அழைத்த இடத்திலே தேடிப் பிழையான பெறுமானங்களை எடுப்பதுண்டு. 1975இல் தோன்றிய ஸ்கீம் முதலிய பின்வந்த லிஸ்ப் மொழிகளில், பிறந்த இடத்தின் பொருளே கொள்ளப்படும். அதன்பொருட்டுத் தொகுப்பான், வேண்டிய மாறிகளை உட்சார்போடு பொதிந்து, வெளிச்சார்பு நீங்கியபின்னும் அழியாத இடத்தில் வைத்துக் காக்கும்.

பாணினியார் கணினியைக் கண்டவரல்லர். கண்டாரென மேடையிற் பெருமை பேசுதல் அவருக்குப் புகழாகாது. சூழலைவிட்டுப் பிரிந்த விதி பிழைபடும் என்பதை உணர்ந்து நூல் செய்தமையே அவர் பெருமை. சாத்திரத்தில் ஒரு வரியைப் பிடுங்கிவந்து வாதிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வரி எங்கே, எதன்பின் நிற்கின்றதென நோக்கியபின் வாய்திறப்போமாயின், அதுவே அம்முனிவருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.