எண்களுக்கு நாவளித்த அறிஞர்

எண்கள் தாமாகப் பேசா. அவற்றின் பொருளை உணர்ந்து, பிறர்க்கு விளங்குமாறு உரைப்பார் ஒருவர் வேண்டும். அதனைத் தம் வாழ்க்கைப் பணியாக மேற்கொண்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

அவர் கல்கத்தா மாநகரில் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று தாயகம் திரும்புங்கால், ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டிய புள்ளியியல் இதழின் தொகுதிகளை உடன் கொணர்ந்தார். அவற்றைக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பின்னர்ப் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே அப்புதுக்கலையிலும் தோய்ந்தார்.

1920-இல் நாகபுரியில் அறிவியல் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கே விலங்கியல் அறிஞர் அனண்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராய்ந்து தருமாறு அவரை வேண்டினார். மகலனோபிஸ் மகிழ்வுடன் இசைந்தார். அதன்பின் வானிலை, பொறியியல், வேளாண்மை எனப் பல துறைகளின் வினாக்களும் அவரை நாடி வந்தன.

1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் படுகை மேடிட்டதே அதற்குக் காரணம் என்றும், கரைகளை உயர்த்துதல் வேண்டும் என்றும் பொறியாளர் கருதினர். அக்கருத்துப் பிழையாயின், பெரும்பொருள் வீணாகும். மக்களின் துயரும் நீங்காது. மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தார். படுகை மேடுறவில்லை எனக் கண்டார். மறுத்துரைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி வெள்ளத்தைத் தடுக்கலாம் என வழியும் காட்டினார். பொறியாளர்க்கு வேண்டுவது வெறும் வாய்பாடு அன்று. செய்யத்தக்கது இன்னது என்னும் தெளிவே அன்றோ?

1931-இல் அவர் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1937-இல் வங்கத்தின் சணற்பயிரை மதிப்பிட மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். அதில் ஒரே நிலப்பரப்பில் இரு குழுவினரைத் தனித்தனியே கணக்கெடுக்கச் செய்தார். இரு முடிவுகளும் ஒத்திருப்பின் நம்பிக்கை வலுப்பெறும். பெரிதும் வேறுபடின் பிழையைத் தேடுதல் வேண்டும். உயர்கணிதம் அறியாதாரும் இதனை எளிதில் உணரலாம். கணக்கின் வலிமையைப் போலவே அதன் ஐயப்பாட்டையும் மறையாது காட்டும் நேர்மை இதில் விளங்குகின்றது.

1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாள் 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பிறர் வினாவைப் பொறுமையுடன் கேட்டலும், கண்ட உண்மையை அவர்க்குப் பயன்படுமாறு கூறலும் கல்வியின் இரு கண்கள் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.