விரல் நுனிக்கு ஏற்ற எழுத்து

பார்வையற்றோர் படிப்பதற்குரிய எழுத்து எப்படி இருக்கவேண்டும்? பெரியவர் பலர் முயன்றும் சரியாக அமையாத அதனை, பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் வயதிலேயே அமைத்துத் தந்தவர் லூயி பிரெயில்.

இவர் பிரான்சு நாட்டில் பாரிசுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோல் துளைக்கும் குத்தூசி கண்ணில் பட்டுவிட்டது. புண் மற்றக் கண்ணையும் தாக்கியதால், ஐந்து வயதிற்குள் பார்வை முழுவதும் போயிற்று.

1819-ல் பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நூல்களில் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டிருந்தனர். அவற்றை விரலால் தடவி அறிய நெடுநேரமாகும். நூல்களோ மிகப் பெரியவை, கனமானவை. மாணவர் தாமே எழுதவும் வழியில்லை.

பின்னர் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி ஒரு புள்ளி முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. விரலை மேலும் கீழும் நகர்த்தினால்தான் ஒரு குறியை முழுதும் அறியலாம்.

லூயி விரல் நுனியையே அளவாகக் கொண்டார். ஒரே தொடுதலில் அடங்குமாறு, வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு புள்ளிகள் அமைத்தார். அந்த ஆறிலிருந்து 63 குறிகள் பிறக்கின்றன. எழுத்துக்கும் எண்ணுக்கும் இசைக்கும் அவையே போதுமாயின. 1824-ல், தம் பதினைந்தாம் வயதில் இம்முறையை உருவாக்கி, 1829-ல் நூலாக வெளியிட்டார். எழுதுவதற்கு ஒரு சட்டமும் கூரிய ஊசியும் போதும். தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும். பார்வையைப் பறித்த கருவியைப் போன்ற ஒன்றே படிப்பைத் தந்தது!

அவர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். தேவாலயத்தில் ஆர்கனும் வாசித்தார். எனினும் 1840-க்குப்பின் பள்ளியின் புதிய தலைவர் புள்ளி எழுத்தை விலக்கினார். மாணவர்களோ அதை மறைவாகப் பயன்படுத்தி வந்தனர். விரல்களுக்கு எது எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்களன்றோ? 1854-ல் பிரான்சில் அது முறையாக ஏற்கப்பட்டபோது லூயி உயிருடன் இல்லை. 1852 சனவரி 6-ஆம் நாள், 43 வயதில் காசநோயால் மறைந்துவிட்டார்.

இன்று நம் தமிழும் அதே ஆறு புள்ளிகளில் எழுதப்படுகிறது. ஒருவரால் ஒரு பொருளைக் கையாள முடியாதபோது, அவரைக் குறைகூறுமுன், அப்பொருள் அவர் கைக்கு ஏற்றதா என்று நாம் பார்ப்போமாக.