ஜி.டி. நாயுடுவின் காரும் காமிராவும்

உக்கடத்தில் பழனிப் பேருந்துக்குக் காத்து நிற்போரில் எத்தனை பேர் ஜி.டி. நாயுடுவை நினைக்கின்றனர்? 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டுத் தாமே அதை ஓட்டியவர் அவர்.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச்சு 23-ஆம் நாள் பிறந்தார். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் அவருக்குப் பாடநூல். கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறிக் காசு சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்தார்! பின்னாளில் யு.எம்.எஸ். பேருந்துகள், 1937-இல் மின்மோட்டார் எனத் தொழில்கள் பெருகிய கதை கோவை அறிந்ததே.

அவர் தேர்ந்த படப்பிடிப்பாளர் என்பதைப் பலர் அறியார். உலகப் பயணங்களில் காமிரா உடன் சென்றது. 1936-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் திரைப்படமாகவே பிடித்தார். காந்தியடிகளும் நேருவும் சுபாசு சந்திர போசும் அவர் காமிராவில் பதிந்தனர். பொறியைக் கழற்றிப் பார்த்த கண்ணே காமிராவின் பின்னாலும் இருந்தது என்பது என் கருத்து.

1974 சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015-இல் அவினாசி சாலையில் திறக்கப்பட்டது. அங்கே பழைய கார்கள் கூரையின்கீழ் நிற்கின்றன. இத்தகைய கார் ஒன்றைத் திறந்தவெளியில் படம் பிடிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டினால்? பலரும் உச்சி வெயிலில், நின்ற உயரத்திலேயே எடுத்து, பளபளப்பை மட்டும் கொண்டு வருகின்றனர். பானட்டும் மட்கார்டும் வளைந்த கண்ணாடிகள் அல்லவா? மின்கம்பமும் சுவரொட்டியும், ஏன், படம் எடுப்பவரின் சட்டையுமே அவற்றில் தெரியும்!

உக்கடம் பெரியகுளத்தின் கரையோரம் காலையில் நிறுத்தினால் கதிரவன் நகரத்துப் பக்கமிருந்து வண்டியின்மேல் சாய்ந்து விழும்; பின்னே நீர்ப்பரப்பு விரியும். கதிரவன் மறைந்த சில நிமிடங்களும் நன்றே. வானம் முழுவதும் ஒரே விளக்காகி, கண் கூசும் புள்ளிகள் அடங்கிவிடும். காமிராவை ஹெட்லைட் உயரத்துக்குத் தாழ்த்தவேண்டும். மிக அருகில் சென்றால் முன்பக்கம் வீங்கித் தோன்றும். பின்னே நகர்ந்து, நீண்ட லென்சால் எடுப்பதே முறை. முன்சக்கரத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பி வைத்தால், மரமோ கம்பியோ, அதன் ஆரக்கால்கள் குடத்தில் பொருந்தியிருக்கும் விதம் படத்தில் தெரியும்.