நூலோடு வாழ்ந்த அண்ணா

1968ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். தமிழகத்தின் முதலமைச்சர் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். அவர் கையில் இருந்த நூல் முடிவதற்குள் சிகிச்சை நாள் நெருங்கிவிட்டது. படித்து முடிக்கும்வரை அதனைத் தள்ளிவைக்க இயலுமா என்று மருத்துவரிடம் அவர் கேட்டதாகக் கூறுவர். உயிருக்கு உறுதி இல்லாத வேளையிலும் கதையின் முடிவை அறிய விழைந்த அவர்தாம் பேரறிஞர் அண்ணா.

காஞ்சிபுரத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. வறுமையால் இடையில் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளியலும் அரசியலும் பயின்றார். விலை கொடுத்து நூல் வாங்க வசதியற்ற அம்மாணவருக்கு எழும்பூர்க் கன்னிமாரா நூலகமே இரண்டாவது கல்லூரி ஆயிற்று. அங்கு அவர் பெற்ற அறிவு பிற்காலத்தில் மேடையிலும் சட்டமன்றத்திலும் வெளிப்பட்டது. இரவு நெடுநேரம் விழித்துப் படிப்பதும் எழுதுவதும் அவருடைய வாழ்நாள் வழக்கமாயின.

தமக்கு உடன்பாடான நூல்களை மட்டும் படிப்பவர் பலர். அண்ணா அத்தகையவர் அல்லர். 1943ஆம் ஆண்டு கம்பராமாயணம், பெரியபுராணம் குறித்துச் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அவர் சொற்போர் புரிந்தார். இருவரும் தமிழில் ஆழங்கால்பட்டவர்கள். அந்நூல்களைக் கல்லாமல் அவர்கள்முன் நின்றிருக்க இயலாது. அண்ணாவின் முடிவுகளை ஏற்காதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். எனினும், தாம் எதிர்த்த காப்பியத்தை அவர் ஊன்றிப் படித்திருந்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை.

மேலைநாட்டு நூல்களிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பகுத்தறிவாளர் இங்கர்சாலின் கருத்துகளைத் தமிழரிடையே எடுத்துரைத்தார். 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்ட கல்கி அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். 'வேலைக்காரி' கதையில் அலெக்சாண்டர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் சாயலைக் காணலாம்.

வீட்டிற்கு ஒரு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. நாட்டின் நிலவியலும் வரலாறும், திருக்குறளும், சங்கநூற் சாரமும் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சவ்வாது மலையில் பயிலும் மாணவர் ஒருவர் தம் வீட்டில் அத்தகைய நூலகம் அமைத்தால், அம்மலையைப் பற்றியும் அங்கு வாழும் மக்களைப் பற்றியும் கூறும் நூலே முதலிடம் பெற வேண்டும் எனலாம்.

அண்ணா இறுதியாகப் படித்தது மேரி கொரெல்லி எழுதிய 'தி மாஸ்டர் கிறிஸ்டியன்' என்னும் ஆங்கில நாவல் என்பர். துணையற்ற சிறுவன் ஒருவனுக்கு அடைக்கலம் தரும் முதிய கர்தினால் ஒருவரின் கதை அது. திருச்சபையின் ஆடம்பரத்தைக் கண்டிப்பது. ஏழைகளின் இயேசுவைத் தேடுவது. சமயச் சடங்குகளைச் சாடிய அண்ணாவை அந்நூல் ஈர்த்ததில் வியப்பில்லை.

சிகிச்சைக்குப்பின் தாயகம் திரும்பிய அண்ணா, 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969 சனவரியில் நடைமுறைக்கு வந்ததைக் கண்டார். அடுத்த மாதம் 3ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.